கரையொதுங்கியது என்ன? கொழும்புக் கடற்கரையில் கிடைப்பதை அடையாளம் காண்பது எப்படி

மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று பிடித்ததும் வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசைப் பக்கத்து வட்ஸ்அப் குழுக்களில் ஒரே மாதிரிப் படங்கள் வரத் தொடங்கும். ரயில் பாதையைத் தாண்டிக் காலாற நடக்கப் போனவர் மணலில் ஏதோ ஒன்றைக் கண்டு படம் எடுத்துப் போட்டிருப்பார். நீலமாக ஒரு குமிழ், வெள்ளைப் பலகை போல ஒன்று, சாம்பல் நிறத்தில் மெழுகுக் கட்டி. கீழே பதில்கள் குவியும்: “விஷம், தொடாதீங்கோ”, “திமிங்கில வாந்தி, கோடிக்கணக்கில் போகும்”, “கப்பலில் இருந்து கொட்டினது”. இந்த மூன்றும் சில வேளைகளில் சரியாகவே இருக்கும். எந்தப் படத்துக்கு எந்தப் பதில் என்பதில்தான் எல்லாரும் தடுமாறுகிறோம். தடுமாறினால் ஒரு பிள்ளையின் கை வீங்கும், அல்லது உயிரோடு இருந்த ஒன்று வீட்டு அலுமாரிக்குள் காய்ந்து சாகும். அதனால் அடியில் இருந்தே பார்ப்போம்.

கடல் எதை, எங்கிருந்து கொண்டுவருகிறது

அலை கடைசியாக ஏறி வந்து திரும்பிய இடத்தில் பாசி, குச்சி, போத்தல் மூடி, ஓடு எல்லாம் சேர்ந்து ஒரு வரியாகக் கிடக்கும். தேட வேண்டிய இடம் அதுதான். இலங்கையைச் சுற்றி வற்றுப்பெருக்கு மிகக் குறைவு, உயர்நீருக்கும் தாழ்நீருக்கும் இடையே ஒரு மீற்றர்கூட வராது. ஆகவே இங்கே அந்த வரியைப் போடுவதில் பெரிய பங்கு அலைக்கும் காற்றுக்கும்தான். மே முதல் செப்டெம்பர் வரை மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும் காலத்தில் வரி நிறையக் கிடைக்கும், கடல் ஆறிய பிறகு கரை அகலமாகும், வரி மெலியும்.

அந்த வரியில் கிடப்பவை மூன்று வழியாக வந்தவை:

1. கடலின் மேற்பரப்பில் மிதந்து திரிந்தவை. இவற்றைக் கொண்டுவருவது காற்று. ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் வரும், அடுத்த வாரம் ஒன்றுகூட இருக்காது.
2. கடலடியில் வாழ்ந்தவை. பெரிய அலை அடியைக் கிளறும்போது சிப்பி, சங்கு, முருகைக்கல் துண்டுகள் ஏறும்.
3. தரையில் இருந்து போய்த் திரும்பியவை. களனி கங்கையும், வெள்ளவத்தை, தெஹிவளைக் கால்வாய்களும் மழைக்குக் கொண்டுபோய்த் தள்ளும் மரம், விதை, ஆகாயத்தாமரை, பொலித்தீன்.

கல்கிசையில் ஒரு விஷயத்தையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். 2020இல் அங்கே கடலடியில் இருந்து எடுத்த மணலைக் கொட்டிக் கரையை அகலப்படுத்தினார்கள். அந்த மணலோடு வந்த பழைய ஓடுகளும் அங்கே கிடக்கலாம் என்பதால், கல்கிசையில் கிடைத்த ஒரு சிப்பியை வைத்து ‘இது இந்தக் கரையில் இப்போது வாழ்கிறது’ என்று சொல்லிவிட முடியாது.

பெயரைத் தேடும் முன் மூன்று கேள்விகள்

படத்தைப் போட்டதும் எல்லாரும் முதலில் பெயரைத்தான் கேட்கிறார்கள். பெயர் கடைசியில் வரட்டும்.

1. உயிர் இருக்கிறதா? சங்கின் வாய் ஒரு மூடியால் அடைத்திருந்தால் சொந்தக்காரர் உள்ளே இருக்கிறார். கால்கள் தெரிந்தால் துறவி நண்டு குடியிருக்கிறது. ஐந்து இதழ்ப் பூ வரைந்த வட்டத் தகடு ஒன்று கிடைக்கும், ‘சாண்ட் டொலர்’ என்பார்கள். அது கடல் முள்ளெலிக்குச் சொந்தக்கார இனம். வெள்ளையாக வழுவழுவென்று இருந்தால் செத்த கூடு. கபிலமாக, வெல்வெட் துணி போல மெல்லிய முட்கள் போர்த்தியிருந்தால் அது பெரும்பாலும் உயிரோடு இருக்கிறது, மெதுவாக ஈர மணலில் விட்டுவிடுங்கள்.

2. எதனால் ஆனது? ஒரு சொட்டுத் தேசிக்காய்ப் புளி விட்டால் நுரைத்துப் பொங்குவது கல்சியம் காபனேற்று: சிப்பி, சங்கு, முருகைக்கல், கணவாய் ஓடு எல்லாம் இதில் அடங்கும். நுரைக்காமல், தோல் போல நகம் போல வளைந்து கொடுத்தால் புரதம், பெரும்பாலும் ஏதாவதொன்றின் முட்டை உறை. இரண்டும் இல்லாவிட்டால் மரமா, மெழுகா, பிளாஸ்டிக்கா என்று பாருங்கள்.

3. எவ்வளவு காலம் மிதந்தது? மரத்துண்டிலோ போத்தலிலோ காம்போடு கூடிய கொட்டலசு (மிதக்கும் பொருளில் ஒட்டி வளரும் ஓடுள்ள சிறு கடலுயிர்) தொங்கினால் அது திறந்த கடலில் கிடந்து வந்தது. கொட்டலசு பெரிதாக இருக்க இருக்க மிதந்த காலமும் கூடுதல். 2015 ஜூலையில் ரியூனியன் தீவில் ஒதுங்கிய, காணாமல்போன மலேசிய விமானமான எம்.எச். 370இன் இறக்கைத் துண்டில் இருந்த கொட்டலசுகளை விஞ்ஞானிகள் இந்தக் கணக்குக்காகத்தான் ஆராய்ந்தார்கள்.

நீல நிறத்தில் வருபவை

மேற்பரப்பில் மிதந்து வாழும் உயிர்கள் பலவும் நீலம் அல்லது ஊதா. கடலின் நிறத்தோடு கலந்து மறைய அந்த நிறம் உதவுகிறது. எனவே மணலில் நீலமாக ஏதும் கண்டால் அது காற்றோடு வந்த கூட்டத்தில் ஒன்று என்று முதலில் நினைத்துக்கொள்ளலாம். முக்கியமாக நான்கைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

புளூ பொட்டில். இதைச் சொறிமுட்டை என்று எண்ணுவார்கள், உண்மையில் இது ஒற்றை உயிர்கூட இல்லை. மிதக்க ஒன்று, கொட்ட ஒன்று, செரிக்க ஒன்று, இனம் பெருக்க ஒன்று என்று வேலை பிரித்துக்கொண்டு ஒட்டி வாழும் ஒரு கூட்டம். மேலே இருப்பது காற்றடைத்த குமிழ். கிட்டப் போய்ப் பார்த்தால் கண்ணாடி போலத் தெளிவாக, விளிம்பில் ஊதா படர்ந்து, சுருக்கு வைத்துத் தைத்த துணி போல ஒரு பக்கம் மடிப்பு மடிப்பாக இருக்கும். அந்தக் குமிழ்தான் பாய், காற்று அதைப் பிடித்துத் தள்ளுகிறது. அடியில் நூல் போல நீலத் தொங்கல்கள், மணலில் விழுந்து சுருண்டு கிடக்கும், அதில்தான் நஞ்சு. குமிழ் வற்றிச் செத்துக் காய்ந்த பிறகும் அந்த நூல் கொட்டும், ஏனென்றால் கொட்டும் கலங்கள் தொட்ட மாத்திரத்தில் தாமாகவே வெடிப்பவை, உயிர் இருக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் குமிழைக் காலால் மிதித்து வெடிக்க வைக்கும் விளையாட்டை ஆரம்பத்திலேயே நிறுத்திவிட வேண்டும்.

கொட்டினால் செய்ய வேண்டியவை: ஒட்டிய நூலை வெறுங்கையால் தேய்க்காமல் குச்சியாலோ துணியாலோ எடுத்துவிட்டு, கடல் தண்ணீரால் கழுவி, பிறகு தாங்கக்கூடிய சூட்டில், சுமார் 45 பாகை சுடுதண்ணீரில், இருபது நிமிடம் வைத்திருங்கள். வினாகிரி பெட்டி ஜெல்லி மீனுக்குச் சொல்லப்படும் வைத்தியம், புளூ பொட்டிலுக்கு அவுஸ்திரேலிய முதலுதவி வழிகாட்டிகள் அதைப் பரிந்துரைப்பதில்லை. சிறுநீர் விடுவது பயனில்லாத வேலை. மூச்சு இறுகினாலோ நெஞ்சு வலித்தாலோ சுணங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மற்ற மூன்றும் சாதுவானவை. ரூபாய் நாணயம் போல வட்டமாக, சுற்றிவர நீல இழை கட்டியது புளூ பட்டன். கண்ணாடித் தகட்டில் குறுக்காகச் சின்னப் பாய் ஒன்று நிற்பது வெலெல்லா. கடதாசி போல மெல்லிய ஊதா ஓட்டோடு ஒரு நத்தை, அது ஜந்தினா: சளியால் குமிழ்த் தெப்பம் கட்டி அதில் தலைகீழாகத் தொங்கி வாழும், இந்த நீலக் கூட்டத்தையே தின்னும். ஆகவே ஊதா நத்தை ஓட்டைக் கண்டால் புளூ பொட்டிலும் அக்கம்பக்கத்தில் இருக்கலாம் என்று காலடியைப் பார்த்து நடக்க வேண்டும்.

ஓடு, எலும்பு, கழற்றிப் போட்ட சட்டை

கணவாய் ஓட்டை நம்மவர்கள் பலர் நன்றாக அறிவார்கள். சித்த மருத்துவத்தில் இதற்குக் கடல்நுரை என்று பெயர். லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர்கள் கூட்டில் தொங்கவிடுவதும் இதைத்தான். பெயரைக் கேட்டு நுரை இறுகிக் கட்டியானது என்று நம்புகிறவர்களும் உண்டு. இது கணவாயின் முதுகுக்குள் இருக்கும் ஓடு. இரண்டாக முறித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: மிக மெல்லிய தட்டுகள் அடுக்கடுக்காக, இடையிடையே தூண்கள் நாட்டிய மாடிவீடு போலத் தெரியும். அந்த அறைகளுக்குள் காற்றையும் நீரையும் மாற்றி மாற்றித்தான் கணவாய் மேலே எழும்புகிறது, கீழே இறங்குகிறது. செத்த பிறகும் அறைகளில் காற்று இருப்பதால் ஓடு மிதந்து வெகுதூரம் போகும். மேற்பரப்பில் பற்குறி இருந்தால் மீனோ ஓங்கிலோ கடித்திருக்கிறது.

சிப்பியில் ஊசியால் துளைத்தது போல வட்டமாக ஒரு ஓட்டை இருந்தால், அதன் விளிம்பு உள்நோக்கிச் சரிவாக இறங்குகிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். சரிவாக இருந்தால் நிலா நத்தை என்ற வேட்டைக்காரனின் வேலை. சிப்பியைக் காலால் மூடிப் பிடித்து, அமிலம் விட்டு இளக்கி, நாக்கால் அரம்போல் அராவித் துளைத்து உள்ளே இருப்பதைத் தின்றுவிடும். அதே நத்தை முட்டையிடும்போது மணலைச் சளியோடு குழைத்துச் சட்டைக் கொலர் போல ஒரு வளையம் செய்யும். றப்பர் குப்பை என்று எண்ணி அதைத் தூக்கி எறிந்துவிடுகிறோம், உள்ளே ஆயிரக்கணக்கில் முட்டை இருக்கும்.

அப்புறம் நண்டு. சில காலைகளில் கரை நீளத்துக்கு நண்டு செத்துக் கிடப்பதாகப் படம் வரும், உடனே கடலில் நஞ்சு கலந்துவிட்டது என்ற செய்தியும் கிளம்பும். கலந்திருக்கவும் கூடும், அதனால் சோதிக்காமல் விடக்கூடாது. ஒன்றைத் தூக்கிப் பாருங்கள். பாரமே இல்லாமல் இருக்கிறதா, மணம் இல்லையா, பின்பக்கம் பெட்டி மூடி போலத் திறக்கிறதா, உள்ளே இறைச்சி இல்லாமல் கால் நுனி வரை வெறுங்கோதா? கண்ணை மூடியிருந்த தோல்கூட அப்படியே இருக்கும். அப்படியென்றால் நண்டு சாகவில்லை, வளர்வதற்காகப் பழைய ஓட்டைக் கழற்றிவிட்டுப் பின்பக்கத்தால் வெளியேறிப் போயிருக்கிறது. பாரமாக, நாற்றத்தோடு, இறைச்சியோடு கிடந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

வலம்புரிக் குழப்பம்

சங்கு விஷயத்தில் நம் சொல்லும் உயிரியல்காரர் சொல்லும் எதிரெதிர் என்பது பலருக்குத் தெரியாது, இதனால் ஏமாறுகிறவர்களும் இருக்கிறார்கள். உயிரியலில் சங்கின் கூர்ச்சுருள் முனையை மேலே வைத்து, வாய் நம்மைப் பார்க்கும்படி பிடிப்பார்கள். வாய் வலப்பக்கம் இருந்தால் வலச்சுருள். ஏறக்குறைய எல்லாச் சங்கும் இப்படித்தான். நம் மரபில் சங்கைத் தலைகீழாக, நீர் வார்க்கும் மூக்கு மேலே இருக்கப் பிடிக்கிறோம், அப்போது அதே சங்கின் வாய் இடப்பக்கம் போய்விடும், அதனால் சாதாரணச் சங்கு நமக்கு இடம்புரி. அரிதாகப் பிறழ்ந்து பிறக்கும் சங்கு நமக்கு வலம்புரி, அவர்களுக்கு இடச்சுருள். இரண்டு பேச்சும் சரி, பிடிக்கும் விதம்தான் வேறு.

மன்னார், யாழ்ப்பாணக் கடல்களில் குளித்தெடுப்பதும் வங்காளத்தில் வளையல் அறுப்பதும் ‘டேர்பினெல்லா பைரம்’ என்ற இனம். அதன் வாய்க்குள் நடுத்தண்டில் மூன்று அல்லது நான்கு மடிப்புகள் வரம்பு கட்டியது போல ஓடும். சந்தையில் வலம்புரி என்று விற்கப்படும் சிலவற்றில் அந்த மடிப்பே இருக்காது. அவை அமெரிக்கக் கரையில் வாழும் வேறொரு இனம், அந்த இனத்தில் இடச்சுருள்தான் வழமை, அரிதே இல்லை. விரலை உள்ளே விட்டு மடிப்பைத் தடவிப் பார்த்தால் வித்தியாசம் உடனே புலப்படும்.

தட்டுத் தட்டாக அடுக்கிய, ஆட்டுக் கொம்பு போல வளைந்த தோற்பொருள் ஒன்று கரையில் கிடந்தால் அது இந்தச் சங்கின் முட்டைக் கூடு. சங்கு குளிப்பவர்கள் அதைச் சங்குப்பூ என்பார்கள்.

கையில் எடுக்கவே கூடாதவை

1. கூம்புச் சங்கு. ஐஸ்கிரீம் கோன் வடிவம், அழகான வலைக்கோலம். உயிரோடு இருந்தால் ஊசி போன்ற பல்லை எய்து நஞ்சேற்றும், ஆளைக் கொன்றும் இருக்கிறது, மாற்று மருந்து கிடையாது. இதே குடும்ப நஞ்சில் இருந்து வந்த சிகோனோடைட் என்ற கடும் வலிநிவாரணி 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வெறும் ஓடு என்று உறுதியாகத் தெரியாமல் தூக்கக் கூடாது, பையில் போடவே கூடாது.
2. கடற்பாம்பு. வால் துடுப்பு போலத் தட்டையாக, உடலில் செதில் தெரிந்தால் பாம்பு. முதுகு நெடுகத் துடுப்பு ஓடி, தோல் வழுவழுப்பாக இருந்தால் விலாங்கு. செத்தது போலக் கிடப்பது செத்திருக்க வேண்டியதில்லை.
3. பேத்தை மீன். ஊதிய பந்து போல ஒதுங்கிக் கிடக்கும். இதன் நஞ்சு சமைத்தாலும் போகாது. நாயோடு நடப்பவர்கள் சங்கிலியை இழுத்துப் பிடியுங்கள்.

திமிங்கில வாந்தியா, மெழுகா

திமிங்கில வாந்தி என்று சொல்லப்படும் அம்பர் உருவாவது எண்ணெய்த் திமிங்கிலத்தின் குடலில், அதனால் வாந்தி என்ற பெயரே பொருந்தாது. செரிக்காத கணவாய்ச் சொண்டுகளைச் சுற்றி இறுகும் இந்தப் பொருள், அந்தத் திமிங்கிலங்களிலும் மிகச் சிலவற்றில்தான் உண்டாகும். கரையில் கிடக்கும் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை கப்பல் தாங்கிகளைக் கழுவி விட்ட பரபின் மெழுகோ பாம் எண்ணெய்க் கட்டியோதான். சூடேற்றிய ஊசியைக் குத்திப் பாருங்கள்: மெழுகு தெளிவாக உருகி மெழுகுதிரி மணக்கும், அம்பர் கருங்கபிலத் தார் போல உருகி ஊசியில் இழுபடும். நிறம் சாம்பல், தண்ணீரில் மிதக்கிறது, ஆனால் ஊசி இறங்கவே இல்லை என்றால் அது எரிமலை நுரைக்கல். 1883இல் கிரகடோவா வெடித்தபோது எழுந்த நுரைக்கல் இந்து சமுத்திரத்தைக் கடந்து ஆபிரிக்கக் கரை வரை மிதந்து போயிருக்கிறது.

அம்பராகவே இருந்தாலும் விலை பேச ஓட வேண்டாம். இந்தியாவில் 1972இன் வனவிலங்குச் சட்டப்படி அதை வைத்திருப்பதே குற்றம். இலங்கையிலும் திமிங்கிலங்கள் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை.

கரும்பட்டையும் வெள்ளை மணிகளும்

பருவக்காற்றுக்குப் பிறகு மணலில் கறுப்புப் பட்டைகள் தெரியும். எண்ணெய் என்று பயப்படுவார்கள். வெள்ளைத் தாளில் ஒரு சிட்டிகை தேயுங்கள்: கறை பிடித்தால் எண்ணெய் அல்லது தார், பிடிக்காமல் பளபளத்து உதிர்ந்தால் கருமணல். அலை பாரம் குறைந்த மணலை அள்ளிப் போக, இல்மனைட், கானெற் போன்ற கனமான தாதுக்கள் மிஞ்சுகின்றன. புல்மோட்டையில் தோண்டி எடுக்கும் இல்மனைட்டும் இப்படிச் சேர்ந்ததுதான்.

வெள்ளை மணிகள் வேறு கதை. கொழும்புத் துறைமுகத்துக்கு அப்பால் 2021 மே 20இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பிடித்து ஜூன் 2இல் மூழ்கியபோது, அதில் சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் இருந்தன. பிளாஸ்டிக் பொருட்கள் வார்ப்பதற்கான மூலப்பொருள் அது, ஒவ்வொன்றும் பருப்பளவு, 2 முதல் 5 மில்லிமீற்றர். மேற்குக் கரையில் மணலைக் கிண்டினால் இவை இன்னும் கிடைக்கின்றன. மீன் முட்டை என்று பலர் எண்ணுகிறார்கள், மீனும் பறவையும்கூட அப்படி எண்ணித்தான் விழுங்குகின்றன. நகத்தால் அழுத்தினால் முட்டை நசியும், மணி நசியாது. ஒரு வாளித் தண்ணீரில் மணலைப் போட்டுக் கலக்கினால் மணி மேலே மிதந்து வரும். கறுத்துக் கட்டிபட்ட மணிகள் தீயில் வெந்தவை, அவற்றைக் கையுறை இல்லாமல் தொட வேண்டாம்.

விதைகள்

இவை பயமில்லாதவை, பிள்ளைகளிடம் தாராளமாகக் கொடுக்கலாம், வாயில் வைக்காதவரை. சாம்பல் நிறப் போளை போல உருண்டது கழற்சிக்காய். நார்ப்பஞ்சு சுற்றிய படகு வடிவக் கொட்டை கொட்டங்காய். கூரான ஆரைகளோடு காற்றில் உருண்டு ஓடும் முட்பந்து இராவணன் மீசையின் விதைத்தலை. ஆற்றோரக் காட்டு விதைகள் பலவற்றில் உள்ளே காற்றறை இருக்கும், அதனால்தான் கடல் தாண்டிப் போய் முளைக்கின்றன.

எடுத்துப் போகலாமா

முருகைக்கல்லில் கவனம் தேவை. கையில் எடுத்துப் பார்த்தால் சின்னச் சின்ன நட்சத்திரக் குழிகள் தெரியும், ஒவ்வொரு குழியிலும் ஒரு உயிர் இருந்தது. கல் முருகைகள், அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைற்றிஸ் சர்வதேச உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. கனடாவில் இருந்து விடுமுறைக்கு வந்த சித்தப்பா ஞாபகமாக ஒரு துண்டைப் பெட்டிக்குள் வைத்தால், கட்டுநாயக்காவிலோ போய் இறங்கும் இடத்திலோ மாட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. கடலாமை ஓடு முதலாம் பட்டியல், அதில் பேச்சுக்கே இடமில்லை.

உலகின் ஏழு கடலாமை இனங்களில் ஐந்து இலங்கையில் முட்டையிடுகின்றன, கொழும்பை அண்டிய கரைகளுக்கும் வருகின்றன. குஞ்சைக் கண்டு இரக்கப்பட்டு வாளித் தண்ணீரில் போடுவது தவறு, அது தானே நடந்து கடலுக்குள் போக வேண்டும். காயப்பட்ட ஆமை, ஓங்கில், திமிங்கிலம் கண்டால் கடலுக்குள் தள்ளாமல் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

எதற்கும் பெயர் தெரியாவிட்டால் நான்கு படம் எடுங்கள்: மேற்பக்கம், அடிப்பக்கம், வாய் அல்லது ஓட்டை இருக்கும் இடம் கிட்டத்தில், பிறகு பத்து ரூபாய் நாணயம் ஒன்றைப் பக்கத்தில் வைத்து முழுவதும். திகதி, இடம், அன்றைய காற்று எந்தத் திசை என்பதையும் எழுதிவையுங்கள். மட்டக்குளிக் காக்கைதீவில் கடற்கரையை ஒட்டியே இருக்கும் தேசிய நீரியல் வள ஆராய்ச்சி நிறுவனமான நாராவில், அந்த நான்கு படத்தையும் பார்த்துச் சொல்லக்கூடிய ஆட்கள் இருக்கிறார்கள்.